பட்டியலில் உள்ளபடி

எனக்கு இரண்டு கையெழுத்துகள் உண்டு. முதலாவது பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்காகப் பழகியது. அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர், கடைசி எழுத்தின் வாலை அப்படியே இழுத்து அடியில் ஒரு கோடு. இரண்டாவது அமெரிக்கா வந்தபின் பழகியது. என் பெயர், அதன் பின்னால் கணவரின் பெயர், முழுசாக. இதில் கோடு கிடையாது. பேங்க், வீட்டுப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ், மகளின் பள்ளிப் படிவங்கள் எல்லாவற்றிலும் இரண்டாவதைத்தான் போட்டு வருகிறேன். ஒரே ஒரு தடவை கை தவறிப் பழையதைப் போட்டுவிட்டேன். அதனால் என் கணவர் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் நிற்க முடியாமல் போனது.

கை தவறியது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். முழுக்க அப்படி இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர், இரண்டு கடைசிப் பெயர்கள். கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர். எனக்கும் மகளுக்கும் கணவரின் பெயர். ஊரில் ஒற்றை எழுத்தாக முன்னால் ஒதுங்கி நிற்கும் அப்பாக்கள், இந்த நாட்டுக்கு வந்ததும் முழு ஆளாகப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மருந்துக் கடையிலும் பேங்கிலும் என் கணவரை அவர் அப்பா பெயருக்கு மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மாமனார் ஆறு மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தபோது, ஒரு நாள் கண் டாக்டரின் காத்திருக்கும் அறையில் அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா, பிள்ளை இருவரும் எழுந்துவிட்டார்கள். கூப்பிட்ட பெண் யாரை உள்ளே விடுவது என்று தெரியாமல் விழித்தாள். மாமனார் அன்று பூராவும் சிரித்துக்கொண்டிருந்தார். "என் பேர்லதான்டா நீ இங்க காலம் தள்ளிட்டு இருக்கே" என்று பிள்ளையைச் சீண்டினார்.

அந்த ஆறு மாதம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் குடியிருப்பின் முகப்பைத் தாண்டினால் மாநிலச் சாலை. அதில் நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தார், அப்புறம் புல், அப்புறம் பள்ளம். அந்தச் சாலையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பூங்கா வரும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பாக்கள் நாலைந்து பேர் சாயங்காலத்தில் அங்கே ஒரு பெஞ்சில் கூடுவார்கள். கார் ஓட்டத் தெரியாமல், வேலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு அந்த பெஞ்சு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பொழுதுபோகாமல் போகிறார் என்று நினைத்தேன். தினமும் சரியாக ஐந்தரைக்குக் கிளம்புவார்.

நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் ஞாயிறு வந்தது. மறுநாள் திங்கள். ஐந்தரைக்கு வெளியே நல்ல இருட்டு. நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். ஹாலில் மாமனார் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார். இரண்டு தடவை குறைக்கச் சொன்னேன். குறைப்பார், மறுபடி தானாக ஏறிவிடும். அவருக்குக் காது அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "இருட்டிடுச்சேம்மா, இன்னைக்குப் போகட்டுமா, வேண்டாமா?"

நான் மைக்கை ம்யூட் பண்ணினேன். "போயிட்டு வாங்க மாமா. டிராயர்ல டார்ச் இருக்கு, எடுத்துக்கங்க."

சொன்னது இவ்வளவுதான். சொன்ன விதம்தான் வேறு. கையை வாசல் பக்கமாக ஆட்டினேன். வீடு அரை மணி நேரம் அமைதியாக இருந்தால் போதும் என்றிருந்தது. "சரிம்மா, போயிட்டு வரேன்" என்றார். நான் அதற்குள் ம்யூட்டை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்திருந்தேன்.

கார் ஓட்டி வந்தவர் மேல் தப்பு இல்லை என்று போலீஸ் சொன்னது. உண்மைதான். அவர் சாலையோரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். இருட்டு, கறுப்பு ஸ்வெட்டர், நடக்க இடமில்லாத சாலை. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்பக் கிளம்பினார்?"

"வழக்கம்போலத்தான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை அப்புறம் எங்கெங்கோ போயிற்று. போலீஸ் ரிப்போர்ட்டில் ஏறியது. ஊருக்கு போன் பண்ணிச் சொன்ன ஒவ்வொருவரிடமும் போயிற்று. வழக்கம்போலக் கிளம்பினார் என்றால், யாரும் அனுப்பவில்லை என்று அர்த்தம். அந்த வார்த்தைக்குப் பின்னால் நான் மூன்று வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அந்த மூன்று வருடமும் கணவர் ஒரு நடைபாதைக்காகக் கடிதம் எழுதினார். ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்புக்கு எழுதினால் அது மாநிலச் சாலை, எங்கள் கையில் இல்லை என்று பதில் வரும். மாநிலத்துக்கு எழுதினால் போக்குவரத்து ஆய்வு நடக்கிறது என்று பதில் வரும். அடுத்த வருடம் எழுதினால் அடுத்த ஆய்வு. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். எல்லோரும் மரியாதையானவர்கள். மரியாதையானவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரத்திலேயே யாராவது முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வசந்த காலத்துச் சனிக்கிழமை, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் எதிரே வந்து உட்கார்ந்து, "அசெம்ப்ளி எலெக்‌ஷன்ல நிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். குடியிருப்புச் சங்கத்துக்குக்கூட நிற்காத மனிதர். நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுகிறவர்.

"ஜெயிக்கறதுக்கு இல்லை. எந்தக் கட்சியும் இல்லாம இண்டிபெண்டண்டா நின்னாலும் கேண்டிடேட் ஃபோரம்னு ஒரு கூட்டத்துல மேடையில சேர் போடுவாங்க, மைக் குடுப்பாங்க. மூணு நிமிஷம். மத்த கேண்டிடேட்ஸ் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. எழுந்து போக முடியாது. லெட்டர்னா குப்பையில போடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மேடையில் அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் பேசுவார். பேசப் பேச யாராவது கேட்பார்கள். இருட்டில் ஏன் போனார்? யார் வீட்டில் இருந்தார்கள்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டே, "நில்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நிற்பதற்கு மனு கொடுக்க வேண்டும். மனுவில் தொகுதி வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். எங்களுக்கு இருந்த அரசியல் அறிவுக்கு, முதல் சனிக்கிழமை நேராக இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினுக்குப் போய், ஒரு மளிகைக் கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டோம். தமிழர்கள், தெலுங்குக்காரர்கள், குஜராத்திகள் எல்லோரும் நம்ம ஆள் நிற்கிறார் என்று போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒரு ஆன்ட்டி வடை வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படிக்கும் மகள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, திஸ் இஸ் எ டிஃபரண்ட் டிஸ்ட்ரிக்ட்" என்றாள். ஐசலின் வேறு தொகுதி. வாங்கிய கையெழுத்தில் முக்கால்வாசி செல்லாது. வடை மட்டும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரிலேயே சுற்றினோம். தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தின் பார்க்கிங், கோயில், நீச்சல் வகுப்பு, பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம். தாளில் மூன்று கட்டங்கள். அச்செழுத்தில் பெயர், கையெழுத்து, விலாசம். இதில் என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். எங்கள் ஆட்களுக்குப் பெயர் எழுதச் சொல்வதுதான் கஷ்டம். ஒருவருக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முதல் பெயராகிவிட்டது. ஆபீஸ் முழுக்க அவரை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, பாவம், இப்போது அதற்கே திரும்பிப் பார்க்கிறார். இன்னொருவருக்கு பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்ததால், விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்று எழுத்தை அடித்துவிட்டார்கள். எஃப்.என்.யூ. அவருக்கு இன்றுவரை 'டியர் ஃப்னு' என்று தபால் வருகிறது.

"இனிஷியல் முன்னாடி போடணுமா, பின்னாடி போடணுமா?" என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

"வோட்டர் லிஸ்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க அங்கிள். ஊர்ல போடற மாதிரி போட்றாதீங்க."

ஒரு மாதம் இதையே கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். பட்டியலில் உள்ளபடி, பட்டியலில் உள்ளபடி. என்னைப் போல அந்த விதியைத் தெரிந்தவர் அந்தத் தொகுதியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

கடைசித் தாளின் கடைசி வரியை அவர் எனக்காக விட்டு வைத்திருந்தார். "முடிச்சு வெக்கறது நீயா இருக்கட்டும்" என்று பேனாவைக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் பேச்சை மகளுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். ஆங்கிலத்தில், நிதானமாக, தன் அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர் என்று தொடங்கினார். வாழ்நாள் முழுக்க நடந்தே வேலை பார்த்தவர். பிறகு, "தட் ஈவ்னிங், ஆஸ் யூஷுவல்..." என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்தபோது என் கை எழுதிக்கொண்டிருந்தது. அச்செழுத்துக் கட்டத்தில் என் அப்பாவின் முதல் எழுத்து, புள்ளி, என் பெயர். கையெழுத்துக் கட்டத்திலும் அதுவே. அடியில் கோட்டை இழுக்கும்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். இதுவரை கை தவறியதுதான். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் பார்த்தபின் நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே காலித் தாள் கட்டு இருந்தது. ஒரு தாளை எடுத்து மறுபடி போட ஒரு நிமிடம் ஆகியிருக்காது. தேவைக்கு மேலே கையெழுத்துகள் இருக்கின்றன, ஒன்று போனால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொரு எண்ணமும் இருந்தது. இந்த மனு எப்படியாவது நின்றுபோனால் நல்லது. தாளை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கி அவரிடம் கொடுத்தேன்.

மனு கொடுத்த சில நாட்களில், போட்டியிலிருந்த இன்னொரு தரப்பின் வக்கீல் ஆட்சேபணை கொடுத்துவிட்டார். சட்டப்படி அவருக்கு உரிமை உண்டு. விசாரணைக்கு மாநிலத் தலைநகரான டிரென்டனுக்குப் போனோம். கூப்பிடும்வரை ஒரு நீண்ட நடைகூடத்தில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய வாக்குச்சீட்டு மாட்டியிருந்தது. நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால், இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில் இதே மாநிலச் சட்டசபைக்கு நடந்த தேர்தலின் சீட்டு. கட்சிவாரியாகப் பத்திகள், அவற்றில் நின்றவர்களின் பெயர்கள். பழுப்பேறிய தாள். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். எந்தப் பெயரிலும் முதல் எது, கடைசி எது என்று சந்தேகமே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கணவர் எழுந்து போய் மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டத்தில் நின்று படித்தார். "இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தோத்திருப்பாங்க" என்றார். "ஆனா பேர் இருக்கு பாரு."

வலதுபுறம் கடைசிப் பத்தி மட்டும் காலியாக இருந்தது. அதில் மசியால், கையால், யாரோ ஒரு பெயரை எழுதியிருந்தார்கள். மை பரவிப் படிக்க முடியவில்லை. மகள் அங்கே உட்கார்ந்திருந்த பெண் ஊழியரிடம் அது என்ன என்று விசாரித்தாள். அச்சடித்த பெயர்கள் யாரையும் பிடிக்காதவர்கள் தங்களுக்கு வேண்டியவர் பெயரைத் தாங்களே எழுதும் இடம் அது, இன்றைக்கும் சீட்டில் உண்டு என்று அந்தப் பெண் சொன்னார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி பொறுமைசாலி. ஒவ்வொரு பெயரையும் தப்பாக உச்சரித்து, ஒவ்வொரு தடவையும் மன்னிப்பும் கேட்டார். ஊர் வழக்கத்தில் இனிஷியலை முன்னால் போட்டவர்கள், வேறு விலாசத்தில் பதிந்திருந்தவர்கள், ஒரே வீட்டில் மனைவிக்கும் சேர்த்துத் தானே கையெழுத்துப் போட்ட ஒரு மகானுபாவர் என்று வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். கூடுதலாக வைத்திருந்தவை கரைந்தன. கடைசியில் சரியாகத் தேவைப்பட்ட எண்ணிக்கை நின்றது, கடைசித் தாளின் கடைசி வரியையும் சேர்த்து.

அந்த வரியில் இருக்கும் பெயரில் வாக்காளர் பட்டியலில் யாரும் இல்லை என்றார் வக்கீல். கணவர் சட்டென்று குனிந்து தன்னிடம் இருந்த நகலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். இது என் கையெழுத்துதான் என்றேன். இந்தப் பெயரில் இந்த நாட்டில் எப்போதாவது பதிவு செய்திருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இது யாருடைய பெயர் என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"என் அப்பாவுடையது" என்றேன்.

ஸாரி என்று சொல்லி அந்த வரியை அடித்தார். ஒரு கையெழுத்து குறைவு. வேட்பாளரின் மனைவியின் கையெழுத்து.

திரும்பும்போது கணவர்தான் கார் ஓட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். சிக்னலில் நின்றபோது என் முழங்கையைத் தொட்டு, "விடு. இத்தனை வருஷப் பழக்கம். கை தவறிடுச்சு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

பின்சீட்டிலிருந்து மகள், "வீ கேன் ரைட் ஹிஸ் நேம், ரைட்? லைக் இன் தட் ஃப்ரேம்?" என்றாள். எழுதலாம். நான்கு பேரோ நாற்பது பேரோ கையால் எழுதலாம். ஆனால் மேடையில் சேர் கிடையாது. மைக் கிடையாது. அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம், பள்ளி அரங்கில் அந்தக் கூட்டம் நடந்தது. மேடையில் வேட்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசி முடித்தபின் பொதுமக்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுப்பதாக அறிவித்தார்கள். கணவர் மூன்று நிமிடப் பேச்சை வெட்டி வெட்டி ஒரு நிமிடமாக்கி வைத்திருந்தார். தபால்கார அப்பா போய்விட்டார், சாணளவுத் தார் போய்விட்டது. 'வழக்கம்போல' என்ற வார்த்தை மட்டும் இருந்தது. அதை அவர் பத்துத் தடவையாவது வீட்டில் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மைக்குக்கு வரிசை நின்றபோது நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் ஒரு நிமிடத்தையும் அவருக்கே விட்டுக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, லேசாகச் சிரித்தார். என் முறை வந்தது. பெயரையும் விலாசத்தையும் சொல்லச் சொன்னார்கள். பட்டியலில் உள்ளபடி சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். என் மாமனார் அன்று வழக்கம்போலப் போகவில்லை. இருட்டாக இருக்கிறது, போகட்டுமா என்று என்னிடம் கேட்டார். நான்தான் போகச் சொன்னேன். எனக்கு வேலை இருந்தது, வீடு அமைதியாக இருக்க வேண்டியிருந்தது. டிராயரில் டார்ச் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இதை நான் இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நிமிடம் முடியவில்லை, ஆனால் சொல்ல வேறொன்றும் இல்லை. நகர்ந்தேன்.

கணவர் மைக்குக்கு வந்தார். கையில் இருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மேடையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார் போகச் சொன்னாங்கங்கறது எங்க வீட்டு விஷயம். அவர் எங்க நடந்திருக்கணும்னு நீங்க சொல்லுங்க." ஆங்கிலத்தில்தான் கேட்டார். எனக்கு அது தமிழில்தான் கேட்டது.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் வேட்பாளர் மட்டும், என்னிடம் பதில் இல்லை, அந்தச் சாலையில் நானே வந்து நடந்து பார்க்கிறேன் என்றார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று அவர் தொடங்காதது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு அவர்தான் ஓட்டி வந்தார். உள்ளே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போனார். டிராயரைத் திறந்து டார்ச்சை எடுத்து மேஜைமேல் என் முன்னால் வைத்தார்.

"இது இங்கதான் இருந்துது" என்றார்.

"தெரியும்ங்க. காரியம் முடிஞ்சப்புறம்தான் பார்த்தேன். எடுத்துக்க மறந்துட்டார்னு நெனச்சேன்."

"மறக்கலை." டார்ச்சின் அடியைத் திருகித் திறந்து கவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. "எடுத்திருப்பார். அமுக்கிப் பார்த்திருப்பார். எரிஞ்சிருக்காது. அன்னைக்குக் காலைல அவருக்கு பிபி பார்க்கறப்ப மெஷின்ல பேட்டரி போயிடுச்சு. இதுல இருந்து நான்தான் எடுத்துப் போட்டேன். சாயந்திரம் வாங்கிட்டு வந்துடலாம்னு நெனச்சேன்." மூடியைத் திரும்பத் திருகினார். "லைட் ஏதாவது வெச்சிருந்தாரான்னு போலீஸ் கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

மூன்று வருடம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஆளுக்கொரு பாதியை ஒளித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம். அவர் எழுதிய அத்தனை கடிதங்களும் எனக்கு அப்போதுதான் புரிந்தன. நடைபாதை இருந்திருந்தால் டார்ச் தேவைப்பட்டிருக்காது. மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டதும் லேசாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். என்னுடையது குறையவில்லை, அவருடையதும் வந்து சேர்ந்துகொண்டது. அந்தச் சூட்டோடு மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "அந்தக் கையெழுத்துங்க. போட்டது தெரியாமத்தான். ஆனா போட்டவுடனே பார்த்துட்டேன். பார்த்துட்டும் சொல்லலை. நீங்க மேடை ஏறிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். அப்பாவை அனுப்பியதைப் பொறுத்துக்கொண்ட மனிதரால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது நியாயம்தான். முதலாவது அவசரம், இரண்டாவது யோசித்துச் செய்தது.

மூன்றாம் நாள் காலையில் தபால் வாக்குச்சீட்டுகளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். வெகு நாட்களாகப் பிரிக்காமல் கிடந்தவை. டார்ச் அங்கேயே இருந்தது. அதை யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து தன் சீட்டைப் பிரித்தார். அச்சடித்த பெயர்களின் பக்கம் பார்க்காமல், கையால் எழுதும் காலி இடத்தில், பெட்டி பெட்டியாக எழுத்துகளை நிரப்பினார். முடித்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

முதலில் அவருடைய அப்பாவின் பெயர், முழுசாக. அதன் பின்னால் அவருடைய பெயர். ஊரில் எழுதுகிற வரிசை.

"லிஸ்ட்ல இப்படி இல்லையே" என்றேன். "எண்ணுவாங்களா?"

"எண்ணட்டும், எண்ணாமப் போகட்டும். அப்பா முன்னாடியே நடக்கட்டும்."

நானும் என் சீட்டில் அதே வரிசையில் எழுதினேன். மாமனாரின் பெயரை நான் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. வாயால் சொன்னதுமில்லை. அவர் முன்னால் சொல்லக் கூடாது என்று பழக்கம், அவர் போனபின் சொல்ல முடியாமல் பழக்கம். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினேன். கண் மறைத்தது.

சீட்டை உறையில் போட்டு ஒட்டியபின், உறைமேல் வாக்காளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தன்னுடையதைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். பேனாவை நான் பிடித்த பிறகும் அவர் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"லிஸ்ட்ல இருக்கற மாதிரி போடு" என்றார்.

போட்டேன். என் பெயர், பின்னால் அவர் பெயர். அடியில் கோடு இழுக்கவில்லை.